40 ஹெக்டேர் தேக்கு: வருடத்துக்கு எவ்வளவு வெட்டலாம்?

இடைவெளி எழுதியது:

வணக்கம். 40 ஹெக்டேர் தேக்குத் தோட்டத்துக்கு அறுவடைத் திட்டம் போட வேண்டும். சுழற்சிக் காலம் (நட்டதிலிருந்து கடைசி வெட்டு வரை) 40 வருடம் என்று வைத்திருக்கிறோம். வெவ்வேறு வயதில் நான்கு கூப்பு (வெட்டுப் பகுதி) இருக்கிறது:

8 வயது, 6 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 40 கன மீட்டர்
14 வயது, 10 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 110 கன மீட்டர்
22 வயது, 16 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 196 கன மீட்டர்
31 வயது, 8 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 230 கன மீட்டர்

22 வயதுக் கூப்பில் 400 சதுர மீட்டர் அளவில் 10 மாதிரித் திட்டு எடுத்தோம். ஹெக்டேருக்கு 620 மரம், சராசரி மார்பளவு விட்டம் 22 செ.மீ., சராசரி உயரம் 18.5 மீ., உயர்ந்த மரங்கள் 20 மீ. வடிவக் காரணி (அதே விட்டமும் உயரமும் உள்ள உருளையில் தண்டின் கன அளவு எத்தனை பங்கு என்பது) 0.45. 14 வயதில் 1,100 மரம், 13.7 செ.மீ., உயர்ந்தவை 15 மீ.

சந்தேகம் மூன்று. 40 ஹெக்டேரை 40 ஆல் வகுத்து வருடம் 1 ஹெக்டேர் மொட்டையாக வெட்டினால் போதுமா, அல்லது கன அளவை வைத்து வெட்ட வேண்டுமா? 22 வயதில் எத்தனை மரம் கழிக்கலாம்? குத்தகை எடுப்பவர் பருமனான 220 மரத்தை எடுத்துக்கொண்டு மெல்லியதை வளர விடலாம் என்கிறார். அது சரியா?

தோட்டத்தை ஒட்டி ஓடைக்கரையில் 12 ஹெக்டேர் இயற்கைக் கலப்புக் காடும் இருக்கிறது. அதையும் இதே கணக்கில் சேர்க்கலாமா?

---

கூப்புக்கணக்கு எழுதியது:

முதல் கேள்விக்கு. பரப்புக் கணக்கும் கன அளவுக் கணக்கும் ஒன்றையொன்று சரிபார்க்கத்தான். ஒன்றை மட்டும் நம்பினால் இரண்டு விதமாகவும் மாட்டிக்கொள்வீர்கள்.

மொத்த இருப்பை (இப்போது நிற்கும் மரத்தின் கன அளவை) கூட்டுங்கள்: 240 + 1,100 + 3,136 + 1,840 = 6,316 கன மீட்டர். வான் மான்டல் சூத்திரப்படி வருட வெட்டு = 2 × இருப்பு ÷ சுழற்சிக் காலம். அதாவது 12,632 ÷ 40 = 316 கன மீட்டர்.

இதை 1788இல் வந்த ஆஸ்திரிய முறையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். அது வருட வளர்ச்சியோடு, (உள்ள இருப்பு − இருக்க வேண்டிய இருப்பு) ÷ சரிக்கட்டும் காலம் என்பதைக் கூட்டும். சராசரி வளர்ச்சி ஹெக்டேருக்கு 7 கன மீட்டர் என்றால் தோட்டம் முழுக்க 280; இருக்க வேண்டிய இருப்பு 280 × 40 ÷ 2 = 5,600. சரிக்கட்டும் காலம் 20 வருடம் என்று போட்டால் 280 + 716 ÷ 20 = 316. அதே விடை! இரண்டு முறையும் ஒத்துப்போகிறது என்று மகிழ வேண்டாம். சரிக்கட்டும் காலத்தைச் சுழற்சியில் பாதியாக வைத்தால் இரண்டும் ஒரே சூத்திரம்தான், போட்டுப் பார்த்தால் வளர்ச்சி அடிபட்டுப் போய்விடும். 7 என்பதற்குப் பதில் 5 போட்டாலும் 316தான் வரும். உண்மையான சரிபார்ப்பு வேண்டுமென்றால் நிலையான திட்டுகளில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதே மரங்களை அளந்து வளர்ச்சியைத் தனியாக எடுக்க வேண்டும்.

இன்னொன்று, 316 என்பது மேல்வரம்பு. எந்தக் கூப்பில் வெட்ட வேண்டும் என்று அது சொல்லாது. இந்த 316ஐ முழுக்க 31 வயதுக் கூப்பில் எடுத்தால் வருடம் 1.37 ஹெக்டேர் போகும். ஆறே வருடத்தில் அந்த 8 ஹெக்டேரும் காலி. கடைசித் துண்டுகூட 37 வயதைத் தாண்டாது. அதற்கு அடுத்து 22 வயதுக் கூப்பு 28 வயதிலேயே கோடரிக்கு வரும். கன அளவுக் கணக்கு சரியாக இருந்தும் சுழற்சி உடைந்துவிடும்.

உங்கள் தோட்டத்துக்குப் பொருந்துவது இப்படி ஒரு அட்டவணை. முதல் நான்கு வருடம் மொட்டை வெட்டே இல்லை, தின்னிங் (நெருக்கத்தைக் குறைக்கச் சில மரங்களைக் கழிப்பது) மட்டும். 5 முதல் 12ஆம் வருடம் வரை 31 வயதுக் கூப்பில் வருடம் 1 ஹெக்டேர் (அப்போது வயது 36 முதல் 43). 13 முதல் 28 வரை இப்போதைய 22 வயதுக் கூப்பு (35 முதல் 50). 29 முதல் 38 வரை 14 வயதுக் கூப்பு (43 முதல் 52). 39 முதல் 44 வரை 8 வயதுக் கூப்பு (47 முதல் 52). 45ஆம் வருடம், முதலில் வெட்டி உடனே நட்ட துண்டு 40 வயதைத் தொட்டு நிற்கும். வயது 35க்கும் 52க்கும் இடையே ஊசலாடுவதைப் பொறுத்துக்கொண்டால் அடுத்த சுற்றில் வயது வரிசை சீராகிவிடும். 16 ஹெக்டேரையும் சரியாக 40 வயதில் ஒரே மூச்சில் வெட்டுவேன் என்றால் அந்த மேடுபள்ளம் அடுத்த சுற்றுக்கும் அப்படியே போகும்.

மண் தரம் இடத்துக்கு இடம் மாறினால் 1 ஹெக்டேர் என்பதை அப்படியே எடுக்காதீர்கள். நல்ல மண்ணில் வளர்ச்சி 9, மோசமான மண்ணில் 5 என்றால், நல்ல மண்ணில் 0.78 ஹெக்டேர் வெட்டுவதும் மோசமான மண்ணில் 1.4 ஹெக்டேர் வெட்டுவதும் விளைச்சலில் சமம்.

கடைசியாக, 10 திட்டு போதாது. தோட்டங்களில் திட்டுக்குத் திட்டு கன அளவு 30 சதவீதம் வரை மாறுவது சாதாரணம். அப்படியானால் 10 திட்டின் பிழை ஏறக்குறைய ±21 சதவீதம். 196 என்பது 155ஆகவும் இருக்கலாம், 237ஆகவும் இருக்கலாம். ±10க்குக் கொண்டுவர 36 திட்டு வேண்டும். அதுவரை கீழ் எல்லையை வைத்துத் திட்டம் போடுங்கள்.

---

அடிப்பரப்பு எழுதியது:

தின்னிங் கேள்விக்கு நான்.

22 வயதில் அடிப்பரப்பு (ஒரு ஹெக்டேரில் உள்ள மரங்களின் மார்பளவுக் குறுக்குப் பரப்பின் கூட்டு): 22 செ.மீ. மரத்தின் குறுக்குப் பரப்பு 0.0380 ச.மீ. × 620 = 23.6 ச.மீ. நெருக்கத்தைப் பார்க்க எனக்குப் பிடித்தது இடைவெளிச் சதவீதம்: மரங்களுக்கு இடையே சராசரித் தூரத்தை மேலோங்கிய மரங்களின் உயரத்தால் வகுப்பது. 10,000 ÷ 620இன் வர்க்கமூலம் 4.02 மீ. அதை 20ஆல் வகுத்தால் 20 சதவீதம். தேக்குக்கு இது நெருக்கம். அது வெளிச்சத்துக்கு ஏங்கும் மரம். பக்கத்து மரத்தின் கிளை உரசினாலே தன் கிளையைக் கழித்துவிட்டு உச்சிக்கு ஓடும். தின்னிங் முடிந்தபின் 25 சதவீதம் வர வேண்டும்: 5 மீ. இடைவெளி, ஹெக்டேருக்கு 400 மரம். எனவே 220 போக வேண்டும் என்ற எண்ணிக்கை சரிதான். எந்த 220 என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அமுங்கியவை, கோணல், கவட்டை, நோய்ப்பட்டவை, நல்ல மரத்தை நெருக்குகிறவை என்று எடுத்தால் வெட்டப்படும் மரத்தின் சராசரி விட்டம் 19 செ.மீ. சுமார் இருக்கும். 220 × 0.0284 = 6.2 ச.மீ., அதாவது அடிப்பரப்பில் 26 சதவீதம். மிஞ்சும் 400 மரத்தின் சராசரி 23.5 செ.மீ. ஆகிறது.

குத்தகைக்காரர் சொல்கிறபடி பருமனான 220 என்றால் அவற்றின் சராசரி 26 செ.மீ. இருக்கும். 220 × 0.0531 = 11.7 ச.மீ. அடிப்பரப்பில் சரிபாதி! மிஞ்சும் 400 மரத்தின் சராசரி 19.5 செ.மீ. ஒரே வயதுத் தோட்டத்தில் மெல்லிய மரம் இளைய மரம் அல்ல. அதே நாளில் நட்டு, போட்டியில் தோற்ற மரம். அதன் உச்சி (கிளையும் இலையும் உள்ள மேற்பகுதி) சுருங்கிப்போயிருக்கும், இடம் விட்டாலும் பருக்காது. விற்ற வருடம் பணம் கையில் நிற்கும், அடுத்த 18 வருடம் காட்டில் நிற்பது கழிவு. தேவையில்லை என்று சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு அளவுப் பிழை அடிக்கடி நடக்கும். இடைவெளிச் சதவீதத்துக்குச் சராசரி உயரத்தை (18.5) போட்டால் 21.7 என்று வந்து, இன்னும் கொஞ்ச வருடம் பொறுக்கலாம் என்று தோன்றும். ஹெக்டேருக்கு மிகப் பருமனான 100 மரங்களின் உயரம்தான் வேண்டும், 400 ச.மீ. திட்டில் அது 4 மரம். சராசரி உயரம் தின்னிங் செய்த மறுநாளே தானாக ஏறும், மேலோங்கிய உயரம் ஏறாது.

குறி போடும் முறை. வெட்ட வேண்டியதைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். முதலில் கடைசி வரை நிற்க வேண்டிய மரங்களைத் தேர்ந்து, ஹெக்டேருக்கு 150 அளவில், வளையம் போட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்து, அதன் உச்சியை இடிக்கும் ஒன்றிரண்டு மரத்துக்கு வெட்டுக்குறி. அதன்பின் மீதி அமுங்கியவை. வெட்டுக்குறி இரண்டு இடத்தில் வேண்டும்: மார்பளவில் ஒன்று, வெட்டு மட்டத்துக்குக் கீழே வேரடியில் ஒன்று. வேரடிக் குறி இல்லாத அடிக்கட்டை எல்லாம் திருட்டு வெட்டு என்று பிறகு எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

மீதம் நிற்கப்போவதைச் சரிபார்க்க ஒரு எளிய கருவி போதும்: 50 செ.மீ. கோலின் நுனியில் 1 செ.மீ. அகலத் தகடு. ஆஸ்திரியாவின் பிட்டர்லிஷ் 1940களில் கொண்டுவந்த கோண எண்ணல் முறை இதுதான். ஒரே புள்ளியில் நின்று சுற்றி வாருங்கள். மார்பளவில் தகட்டைவிட அகலமாகத் தெரியும் ஒவ்வொரு மரமும் ஹெக்டேருக்கு 1 ச.மீ. இப்போது 23 அல்லது 24 எண்ண வேண்டும், வெட்டுக்குறி இட்டதை விட்டுவிட்டு எண்ணினால் 17 வர வேண்டும். 12 என்று வந்தால் அந்த இடத்தில் குறி போட்டவர் கை நீண்டுவிட்டது. 22 செ.மீ. மரம் 11 மீட்டர் வரை கணக்கில் வரும், அதனால் முன்மரத்தின் பின்னால் மறைந்திருப்பதைப் பார்க்கப் பக்கவாட்டில் நகர்ந்து, தூரம் மாறாமல் பார்த்துவிட்டுப் பழைய புள்ளிக்குத் திரும்ப வேண்டும்.

எதில் தொடங்குவது என்றால், 22 வயதில் அல்ல. 14 வயதில். அங்கேயும் 1,100 மரம், 3.02 மீ. ÷ 15 = 20 சதவீதம். 700க்குக் கொண்டுவாருங்கள் (25 சதவீதம்). உச்சி இன்னும் உயரத்தில் பாதியளவு இருக்கும்போது இடம் கொடுத்தால் விட்டம் உடனே ஏறும். உச்சி மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனபின் கொடுக்கும் இடத்தை மரம் பயன்படுத்திக்கொள்ள வருடங்கள் பிடிக்கும். அதிலிருந்து ஹெக்டேருக்கு சுமார் 26 கன மீட்டர், 10 ஹெக்டேருக்கு 260. 22 வயதிலிருந்து ஹெக்டேருக்கு 49, மொத்தம் 784. நான்கு வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 260 சொச்சம். கூப்புக்கணக்கு சொன்ன 316க்குள் அடங்குகிறது, கீழ் எல்லையைப் போட்டாலும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும்.

---

இழுவைத்தடம் எழுதியது:

அடிப்பரப்பு சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. 18.5 மீ. உயரம், 22 செ.மீ. விட்டம்: உயரத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் 84. 80க்கு மேல் போனாலே மரம் ஒல்லி. மூன்றில் ஒரு மரத்தை ஒரே தடவையில் எடுத்தால் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருந்தவை காற்றில் சாயும். தேக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு: திடீர் வெளிச்சம் பட்டால் தண்டு முழுக்கப் போத்து (புதுத் தளிர்) வெடிக்கும், ஒவ்வொன்றும் பலகையில் ஒரு கணு. 620இலிருந்து 500, மூன்று நான்கு வருடம் கழித்து 400 என்று இரண்டு கட்டமாகப் போங்கள். 500இல் இடைவெளி 22.4 சதவீதம் வரும்.

இனி வெட்டி இழுப்பதற்கு. திட்டம் தாளில் எவ்வளவு அழகாக இருந்தாலும் மண்ணைக் கெடுத்தால் அடுத்த சுற்றின் வளர்ச்சிக் கணக்கே பொய்யாகிவிடும்.

குறி போடும் முன்பே இழுவைப் பாதையை வரைபடத்திலும் தரையிலும் குறியுங்கள். 4 மீ. அகலம், 40 மீட்டருக்கு ஒன்று என்றால் நிலத்தில் 10 சதவீதம் போகும். 20 மீட்டருக்கு ஒன்று என்றால் 20 சதவீதம். டிராக்டர் பாதையை விட்டு இறங்கவே கூடாது. வின்ச் கம்பிதான் மரத்திடம் போக வேண்டும். மண் இறுகுவதில் பெரும்பகுதி முதல் சில ஓட்டத்திலேயே நடந்துவிடுகிறது. அதனால் ஓட்டத்தைப் பரப்பிவிட்டால் சேதம் குறையும் என்பது தலைகீழ்க் கணக்கு. கெட்டுப்போன அதே பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டுவதே நல்லது, இரண்டாம் கட்டத்திலும் அதே பாதைதான்.

ஈரம் பார்க்க ஒரு கைப்பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மி.மீ. திரியாக உடையாமல் உருண்டால் அன்று வண்டி உள்ளே போகக் கூடாது. திரி ஆகும் முன்பே பொடிந்தால் போகலாம். சுத்த மணலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

மரத்தைப் பாதைக்கு 30 முதல் 45 பாகைக் கோணத்தில், மீன்முள் போலச் சாய்க்க வேண்டும். பாதைக்குக் குறுக்காக விழுந்தால் தடி திரும்பும்போது நிற்கும் மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். முன்வெட்டு (விழ வேண்டிய பக்கத்தில் போடும் வெட்டு) ஆழம் விட்டத்தில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று. எதிர்ப்பக்கப் பின்வெட்டு அதைவிட 2 முதல் 5 செ.மீ. மேலே. இரண்டுக்கும் நடுவில் அறுக்காமல் விடும் கீல் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு: 22 செ.மீ. மரத்துக்கு 2 செ.மீ. அளவு. கீலை அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கமும் போகலாம். விழும் திசையிலேயே முன்னே சாய்ந்து நிற்கும் மரத்தில் சாதாரணப் பின்வெட்டு போட்டால் பாதி அறுக்கும்போதே தண்டு நெடுக்காகப் பிளந்து மேலே உதைக்கும். ஆள் சாகும் விபத்து இது. அப்படிப்பட்ட மரத்தில் கீலுக்குப் பின்னால் செயின்சாவைக் குத்தி நுழைத்து நடுவை அறுத்து, பின்பட்டையில் ஒரு பிடி விட்டு, அதைக் கடைசியில் அறுக்க வேண்டும். அறுப்பவர் பின்னோக்கிச் சாய்வாக ஒதுங்க வழியை முதலில் வெட்டித் துப்புரவாக்கிக்கொள்வது சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் சொல்கிறேன். மற்றவர்கள் மர உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால்.

வேலை முடிந்ததும் சரிவான பாதைகளில் குறுக்கு வரப்பு போட்டுத் தண்ணீரைப் பக்கத்துக் காட்டுக்குள் திருப்பிவிடுங்கள். நேராக ஓடைக்குத் திருப்பிவிடும் வரப்பு இல்லாததைவிட மோசம்.

---

அடிப்பரப்பு எழுதியது:

காற்று அடிக்கும் மேட்டிலும் விளிம்பிலும் இரண்டு கட்டம், ஏற்கிறேன். ஆனால் உள்பகுதிக்கும் அதையே நீட்டாதீர்கள். இரண்டு தடவை இயந்திரம் நுழைந்தால் வேரிலும் அடித்தண்டிலும் இரண்டு தடவை காயம், காயத்தின் வழியே அழுகல் ஏறுவது கீழ்த்தடியில்தான், அதுதான் விலை போகும் தடி. விளிம்பில் 20 மீ. அகலத்துக்கு மரத்தைத் தொடாமல் விட்டுவிட்டு உள்ளே ஒரே தடவையில் 400க்கு வரலாம் என்பது என் கருத்து. போத்து பெரும்பாலும் உச்சி சிறுத்த மரத்தில்தான் வெடிக்கும், தேர்வு சரியாக இருந்தால் அவைதான் முதலில் போயிருக்கும்.

---

கலப்புக்காடு எழுதியது:

12 ஹெக்டேர் ஓடைக்கரையை அந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பல வயது, பல இனம் கலந்த காட்டில் சுழற்சிக் காலம் என்ற ஒன்றே கிடையாது. அங்கே கேட்க வேண்டியது: வெட்டும் பருமனுக்கு அடுத்த படியில் உள்ள மரங்கள் எத்தனை, அவை மேலே வர எத்தனை வருடம்? 1856 முதல் பர்மாவில் பெகுவின் தேக்குக் காடுகளில் ஜெர்மன் வனவியலாளர் பிராண்டிஸ் மரத்தை எண்ணி, மூங்கில் துண்டில் வெட்டுக்குறி போட்டு, வகுப்பு வகுப்பாகக் கணக்கெடுத்தது இதற்காகத்தான்.

எடுத்துக்காட்டாக, வெட்டக்கூடிய குறைந்தபட்ச விட்டம் 60 செ.மீ. என்று வையுங்கள். ஒரு இனத்தில் 60க்கு மேல் 10 மரம், 45 முதல் 60 வரை 12 மரம். வருடம் 0.5 செ.மீ. பருத்தால் 15 செ.மீ. ஏற 30 வருடம். அதுவே திரும்ப வெட்ட வரும் இடைவெளி. வருடம் 1.5 சதவீதம் இயல்பாகச் சாகும் என்றால் 30 வருடத்தில் 63 சதவீதம்தான் மிஞ்சும்: 12இல் 7.6. வெட்டும்போது அடிபட்டுப் போகிறவை 15 சதவீதம் என்று கழித்தால் 6.5. ஆக 10 மரம் வெட்டத் தகுதியாக நின்றாலும் 6தான் வெட்டலாம். மீதி நான்கில் காய்ப்பு நன்றாக உள்ள தாய்மரங்களும், பொந்து மரங்களும் இருக்கட்டும். இனம் இனமாகத் தனித்தனியாகப் போட வேண்டும்; மொத்தமாகப் போட்டால் விலை கூடிய இனம் முழுதாகப் போய்விடும், தாளில் எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கும்.

உங்களிடம் இருப்பது ஓடைக்கரை வேறு. இரு கரையிலும் 30 மீ. வரை வெட்டு இல்லை, இயந்திரம் இல்லை என்று முதலிலேயே கழித்துவிடுங்கள். 12 ஹெக்டேர் ஒடுங்கிய நீளத்துண்டாக இருந்தால் வெட்ட மிச்சமே இருக்காது. அப்படியானால் அதை அறுவடைத் திட்டத்தில் காப்புப் பகுதி என்று எழுதி, எல்லையை மரத்தில் குறித்து முடித்துவிடலாம்.

---

இடைவெளி எழுதியது:

மிக்க நன்றி. 14 வயதில் தொடங்குகிறோம், கூடுதலாக 26 திட்டு போடுகிறோம். சரிவில் திட்டின் ஆரத்தை எப்படித் திருத்துவது? வெட்டிய தடியை எந்த முறையில் அளந்தால் இந்தக் கணக்கோடு ஒத்துப்பார்க்க முடியும்?

---

கூப்புக்கணக்கு எழுதியது:

400 ச.மீ. வட்டத்துக்கு ஆரம் 11.28 மீ., அது கிடைமட்டத்தில். சரிவு வழியே நாடாவை இழுத்தால் அந்த ஆரத்தைச் சரிவுக் கோணத்தின் கோசைன் மதிப்பின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 20 பாகைச் சரிவில் 11.64 மீ. இதை விட்டுவிட்டால் திட்டு 6 சதவீதம் சிறியதாகும், மரமும் அவ்வளவு குறைவாகக் கணக்கில் வரும். மார்பளவு உயரத்தை எப்போதும் மேட்டுப் பக்கத்தில் நின்று எடுங்கள். சில இடங்களில் 1.3 மீ., சில இடங்களில் 1.37 மீ.; எதுவாக இருந்தாலும் பழைய பதிவில் எதுவோ அதுவே தொடரட்டும். எல்லைக் கோட்டில் நிற்கும் மரத்துக்கு, அதன் மையம் உள்ளே இருந்தால் சேர்க்கலாம்.

தடிக்கு ஹூபர் முறை போதும்: நடுவிட்டத்தின் குறுக்குப் பரப்பு × நீளம். இரு முனையையும் அளந்து சராசரி எடுக்கும் ஸ்மாலியன் முறை வேர்ப்பக்கம் விரிந்த அடித்தடியில் கூடுதலாகக் காட்டும், தேக்கின் அடித்தடியோ பெரும்பாலும் விரிந்தும் வரிப்பள்ளத்தோடும் இருக்கும். நடுவில் கணு வீக்கம் இருந்தால் இருபுறமும் சம தூரத்தில் அளந்து சராசரி. பட்டை நீக்கியா, பட்டையோடா என்று ஒவ்வொரு தாளிலும் எழுதுங்கள். நிற்கும் மரத்தைப் பட்டையோடு அளந்து, தடியைப் பட்டை நீக்கி அளந்துவிட்டு, காணாமல் போன கன அளவைத் தேடுவதுதான் பெரும்பாலான தகராறு.